வலிக்காத வருத்தம்

(தோட்டத்துச் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. அடைமழையில் வேகம் கூடினால் குழாய் மூட்டு விட்டுப்போகும். எல்லோருக்கும் தெரியும், உடனே போய்க் கட்டுவோம். நம் உடம்பில் ஓடும் இரத்தக் குழாய் அப்படிச் சொல்லிக் காட்டாது. பிரஷர் கூடினால் அதன் சுவர் வருஷக்கணக்கில் தடித்து, உள்ளே வழி ஒடுங்கிவிடும். இதயத்தில் அது அடைபட்டால் மாரடைப்பு. மூளையில் அடைபட்டால் பாரிசவாதம்.

சிறுநீரகம் ஒரு சல்லடை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய சல்லடைகள் உண்டு. பிரஷர் அவற்றைப் பழுதாக்கினால் திரும்ப முளைக்காது. பழுதான சிறுநீரகம் பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். இவ்வளவு நடந்தும் ஒரு வலியும் இராது. கால் வீங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

இது எல்லா இனத்தையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்து வந்திருக்கிறது. இங்கிலாந்தில் குடியேறிய நம் தெற்காசிய மக்களுக்கும் மாரடைப்பும் சிறுநீரக நோயும் கூடுதல். பிறப்பிலே வரும் காரணமும் உண்டு. கறுப்பின மக்களிடம் அப்படி ஒரு மரபணு 2010இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் வறுமையும், கிளினிக் தூரமும், பிந்திப் போய்க் காட்டுவதும் சேர்ந்துதான் ஆளை வீழ்த்துகின்றன. கிளினிக் போனால் அன்றைய பேர் போகும் என்று தள்ளிப்போடும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் தலைவிதியா? இல்லவே இல்லை. 1995இல் அமெரிக்காவில் பிரஷரால் சிறுநீரகம் பழுதான கறுப்பின மக்கள் 1,094 பேரை வைத்து ஆராய்ச்சி தொடங்கினார்கள். ரமிப்ரில் என்ற குளிசை எடுத்தவர்களுக்குப் பழுதாகும் வேகம் குறைந்தது. ஆனால் கெட்டது திரும்பவில்லை. அதனால்தான் முந்திக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

2018இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து முடிவெட்டும் கடைகளுக்கே மருந்தாளர்கள் போய்ப் பிரஷர் பார்த்து மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மேல் எண் சராசரியாக 27 இறங்கியது. ஆலோசனை மட்டும் கேட்டவர்களுக்கு 9தான் இறங்கியது. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததிலும் நல்ல பலன் கிடைத்தது. அது 2020இல் வெளியானது. ஆட்களைத் தேடிப் போனால் நோய் அடங்குகிறது. மஸ்டர் முடிந்ததும், பிள்ளைக் காம்பராவிலும் பிரஷர் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

வீட்டில் செய்ய வேண்டியது இது:

வயது வந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பாருங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"பிரஷர் கொறைஞ்சு போச்சு, இனி குளிசை எதுக்கு?" என்று நிறுத்தாதீர்கள். குறைந்ததே குளிசையால்தான். பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிப் போடவும் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரிடம் முதலிலே சொல்லிவிடுங்கள். சில குளிசைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

கூடை சுமந்த முதுகுவலிக்குத் தினமும் வலிக்குளிசை வாங்கி விழுங்குவது பல வகையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். டாக்டரைக் கேட்டு எடுங்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், ஒரு சிறு தேக்கரண்டி போதும். ரொட்டி மாவிலும் சம்பலிலும் கருவாட்டிலும் இருப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சுருட்டையும் சாராயத்தையும் விட்டுவிடுங்கள்.

அடுத்த கிளினிக் நாளுக்கு ஒரு ஆள் தனியாகப் போகாமல், லயத்தில் இருந்து நாலு பேராகச் சேர்ந்து போங்கள். ஒருத்தர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்தலாம்.