வேலை நிறுத்திய செல்கள்

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் ஆய்வாளர்கள் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினார்கள். அப்படி நின்ற செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. சில அங்கேயே தங்கி, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. கூடையில் ஒரு தக்காளி அழுகினால் பக்கத்துத் தக்காளியும் கெடுமே, அப்படி அருகிலுள்ள நல்ல செல்லும் முதுமையடைகிறது. மூட்டுத் தேய்மானம், ரத்தக்குழாய் அடைப்பு, சர்க்கரை நோய் ஆகியவற்றில் இப்படி நின்றுபோன செல்களுக்குப் பங்குண்டு. ஆனாலும் இவற்றை வெறும் எதிரி என்று தள்ளிவிட முடியாது. காயம் ஆறுவதற்கு உதவுபவையும் இவையே. 2011-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், சீக்கிரம் மூப்படையும் வகை எலிகளில் இந்தச் செல்களை அகற்றினார்கள். கண்புரையும் தசை மெலிவும் தள்ளிப்போயின. இந்தச் செல்களை மனித உடலில் அகற்றும் மருந்துகள் இன்னும் சோதனையில்தான் உள்ளன. இளமை தரும் என்று விற்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.