சிறிய கட்சி, வலிய கிளை: விஸ்கான்சின் சோஷலிஸ்டுகளின் வரலாறும் அமைப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



அரசியல் வரலாறு என்ற பெயரில் நாம் பெரிய கட்சிகளின் கதையையே படித்து வருகிறோம். ஆட்சியைப் பிடித்தவர்களும் இழந்தவர்களும் பக்கங்களை நிரப்பிவிடுகிறார்கள். சிறிய கட்சி ஒன்றின் மாநிலக் கிளைக்கு அங்கே அடிக்குறிப்பு அளவுகூட இடம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு கிளையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த சோஷலிஸ்ட் கட்சியின் கிளை.

அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி தன் பெயரில் நின்ற எந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ஆறு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றதில்லை. அதே கட்சியைச் சேர்ந்த மூவர், விஸ்கான்சினின் மிகப் பெரிய நகரமான மில்வாக்கியில் மேயர்களாக இருந்தார்கள். மூவரின் காலத்தையும் கூட்டினால் 38 ஆண்டுகள். இது எப்படி நடந்தது? கொள்கை காரணம் என்றால், அதே கொள்கை மற்ற மாநிலங்களிலும் இருந்தது. பேச்சாற்றல் காரணம் என்றால், கட்சியின் தலைசிறந்த பேச்சாளரான யூஜின் டெப்ஸ் இந்தியானாக்காரர். மில்வாக்கியில் கூடுதலாக இருந்தது கட்டுக்கோப்பான கிளை அமைப்பு. அந்த அமைப்பு இருந்தவரை கட்சி வாழ்ந்தது, அதைக் கைவிட்டபோது கரைந்தது. நான் சொல்ல வந்தது இதுதான்.

தோற்றம்

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் உள்ளது மில்வாக்கி. 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றபின் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அங்கே பெருந்திரளாகக் குடியேறினார்கள். மதுபான ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். 1886 மே 5 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டு பே வியூ பகுதி இரும்பு ஆலையை நோக்கி ஊர்வலம் வந்த தொழிலாளர்கள் மீது மாநிலப் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். அந்த ஊரின் தொழிலாளர் அரசியல் அந்த நாளை மறக்கவே இல்லை.

கிளையைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் விக்டர் பெர்கர். 1860இல் ஆஸ்திரியப் பேரரசில் பிறந்து, மில்வாக்கியில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் பத்திரிகை ஆசிரியரானவர். 1895இல் ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறையில் இருந்த டெப்ஸைச் சந்தித்து, மார்க்ஸின் 'மூலதனம்' நூலைக் கொடுத்துவிட்டு வந்தவர் இவர்தான். 1897இல் மில்வாக்கிக் கிளை உருவானது. 1901இல் பல குழுக்கள் இணைந்து அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி பிறந்தபோது, மாநிலக் கிளைகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்பதில் விஸ்கான்சின்காரர்கள் உறுதியாக நின்றார்கள். தேசியக் கட்சிக்குப் புதுப் பெயர் வந்த பிறகும், தங்கள் மாநிலத்தில் 'சமூக ஜனநாயகக் கட்சி' என்ற பழைய பெயரிலேயே நீண்ட காலம் இயங்கினார்கள்.

அமைப்பு

இந்தக் கிளையின் கட்டுமானத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அடித்தளத்தில் வார்டு கிளை. ஒவ்வோர் உறுப்பினரும் மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக உறுப்பினர் அட்டையில் ஒரு முத்திரை ஒட்டப்படும். சந்தா பாக்கி வைத்தவர் உறுப்பினர் உரிமையை இழப்பார். ஜெர்மானியர், போலந்துக்காரர் என அவரவர் மொழியில் கூடுவதற்குத் தனிக் கிளைகளும் இருந்தன. வார்டு கிளைகளின் பிரதிநிதிகள் சேர்ந்தது கவுண்டி மையக் குழு. அதற்கு மேலே மாநிலச் செயற்குழு. மாநிலம் வசூலித்த சந்தாவில் ஆளுக்கு மாதம் ஐந்து சென்ட் தேசிய அலுவலகத்துக்குப் போனது, மீதியைக் கொண்டு கிளை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை வந்தது 1920இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எலிசபெத் தாமஸ் என்ற பெண்மணி இந்தக் கிளையின் மாநிலச் செயலாளராக இருந்தார்.

இன்னொரு தூண் தொழிற்சங்கம். மாநிலத் தொழிலாளர் கூட்டமைப்பை 1893இல் நிறுவ முன்நின்ற ஃபிராங்க் வெபர், கட்சியின் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். சங்கம் கூலிக்கும் வேலை நேரத்துக்கும் போராடியது, கட்சி வாக்குச்சீட்டின் வழியாகப் போராடியது. இரண்டிலும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான், ஆனால் ஒன்றின் முடிவில் மற்றது தலையிடுவதில்லை.

மூன்றாவது தூண் துண்டறிக்கை. இதற்கென்றே 'பண்டில் பிரிகேட்' என்ற தொண்டர் படை இருந்தது. தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில், விடிவதற்குள் தொண்டர்கள் துண்டறிக்கைக் கட்டுகளோடு தெருவில் இறங்குவார்கள். எந்த வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. ஜெர்மன் வீட்டுக்கு ஜெர்மன் மொழியில், போலந்து வீட்டுக்குப் போலிஷ் மொழியில் அறிக்கை போய்ச் சேரும். ஒரு வார இறுதிக்குள் நகரம் முழுவதையும் முடித்துவிடுவார்கள். யாருக்கும் கூலி கிடையாது. பின்னாளில் பெருங்கவிஞராகப் புகழ்பெற்ற கார்ல் சாண்ட்பர்க், 1907இன் இறுதியில் இந்தக் கிளையின் அமைப்பாளராகச் சேர்ந்து சிற்றூர்களில் கூட்டம் போட்டு உழைத்தவர். 1911 டிசம்பரில் 'மில்வாக்கி லீடர்' என்ற நாளிதழும் தொடங்கப்பட்டது.

ஒரு விதியில் மட்டும் அவர்கள் துளியும் தளரவில்லை. வேறு கட்சி வேட்பாளரை ஆதரித்த உறுப்பினருக்குக் கிளையில் இடமில்லை.

ஆட்சி

1904இல் ஒன்பது நகர்மன்ற உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஆறு ஆண்டுகள் அவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் வரவுசெலவுக் கணக்கையும் ஒப்பந்தங்களையும் படித்தார்கள். ஊழலில் ஊறியிருந்த நகராட்சியைப் பற்றி மக்களிடம் ஆதாரத்தோடு பேச அந்தப் படிப்பு உதவியது. 1910 ஏப்ரலில், வார்ப்புக்கான மர அச்சுகள் செய்யும் தொழிலாளியாக இருந்த எமில் சைடல் மேயரானார். 35 நகர்மன்ற இடங்களில் 21ஐக் கட்சி வென்றது. அதே ஆண்டு நவம்பரில் பெர்கர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். அங்கே நுழைந்த முதல் சோஷலிஸ்ட் அவர்தான். மாநிலச் சட்டமன்றத்தில் கட்சியின் உறுப்பினர்கள் பிற முற்போக்காளர்களோடு சேர்ந்து நின்றதால் 1911இல் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது.

1912இல் பெரிய கட்சிகள் இரண்டும் பொது வேட்பாளர் ஒருவரை நிறுத்தின. சைடலுக்கு முன்னைவிடக் கூடுதல் வாக்கு கிடைத்தும் அவர் தோற்றார். நகராட்சித் தேர்தலில் கட்சிப் பெயரே வாக்குச்சீட்டில் இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமும் வந்தது. பெயர் போனாலும் வீடு வீடாகச் செல்லும் தொண்டர் இருந்ததால் கட்சி மீண்டது. 1916இல் டேனியல் ஹோன் மேயரானார். 1940 வரை, தொடர்ந்து 24 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். பொதுச் சுகாதாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பூங்காக்கள், கடனைக் குறைக்கும் நிதி என்று நகராட்சியின் அன்றாடப் பணிகளிலேயே அவர் பெயரெடுத்தார். 1920களின் தொடக்கத்தில் நகராட்சி ஆதரவோடு 'கார்டன் ஹோம்ஸ்' என்ற கூட்டுறவுக் குடியிருப்பு எழுந்தது. நியூயார்க் தோழர்கள் இவர்களைச் 'சாக்கடை சோஷலிஸ்டுகள்' என்று இகழ்ந்தார்கள். சாக்கடை சரியாக ஓடாத ஊரில் முதலில் சாவது ஏழையின் குழந்தைதான் என்பது மில்வாக்கித் தொழிலாளிக்குத் தெரியும். அவன் தொடர்ந்து வாக்களித்தான்.

சோதனை

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கட்சி போரை எதிர்த்தது. 'லீடர்' இதழின் அஞ்சல் சலுகை பறிக்கப்பட்டது. வெளியூர்ச் சந்தாதாரர்களை இதழ் ஏறக்குறைய முழுவதுமாக இழந்தது. பெர்கர் மீது உளவுச் சட்டத்தில் வழக்குத் தொடுத்து 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 1918 நவம்பரில் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், நாடாளுமன்றம் இடமளிக்க மறுத்தது. இடைத்தேர்தலில் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள், மறுபடியும் மறுத்தது. 1921இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதன்பின் அவர் மூன்று முறை வென்று நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். நாடு முழுவதும் கட்சிக் கிளைகள் நொறுங்கிய அந்த ஆண்டுகளில் விஸ்கான்சின் கிளை உடையாமல் நின்றது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்களைத் தாழ்வாகக் கருதும் எழுத்துகளைப் பெர்கர் தம் தொடக்க ஆண்டுகளில் எழுதியிருக்கிறார். சமத்துவம் பேசிய கட்சிக்கு அது தீராக் களங்கம். ஷெபாய்கன், மானிடவாக் போன்ற சில ஊர்களைத் தவிர மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் கட்சி வேர் பிடிக்கவில்லை. உழவர்களின் வாக்கு, மாநில அரசியல் தலைவரான ராபர்ட் லா ஃபாலெட் வழிவந்த முற்போக்காளர்களிடமே இருந்தது.

கரைவு

பெருமந்தக் காலத்தில் அந்த முற்போக்காளர்களோடு சேர்ந்தால் மாநிலம் முழுவதும் வெல்லலாம் என்ற எண்ணம் எழுந்தது. 1935இல் உழவர்–தொழிலாளர் முற்போக்குக் கூட்டமைப்பு உருவானது. அதற்கு விலையாக, மாநிலத் தேர்தலில் தன் பெயரில் நிற்கும் உரிமையைக் கிளை விட்டுக்கொடுத்தது. விளைவு விரைவில் தெரிந்தது. சொந்தப் பெயரில் வேட்பாளர் இல்லாத கட்சிக்குச் சந்தா கட்டுவானேன், விடியலில் எழுந்து துண்டறிக்கை கொடுப்பானேன் என்று தொண்டர்கள் ஒதுங்கினார்கள். நாளிதழ் கைமாறி, பின்னர் நின்றது. 1940இல் ஹோன் தோற்றார், பிறகு டெமாக்ரடிக் கட்சிக்குப் போனார். எந்தக் கூட்டாளிக்காகப் பெயரை விட்டுக்கொடுத்தார்களோ அந்த முற்போக்குக் கட்சியும் 1946இல் கலைந்தது. கட்சியின் மூன்றாம் மேயராக 1948 முதல் 1960 வரை இருந்த ஃபிராங்க் சைட்லர் நேர்மைக்குப் பெயர் பெற்றவர். ஆனால் அவரைப் பின்தொடர வார்டு கிளைகள் மிஞ்சவில்லை. அவர் விலகியதோடு அந்த மரபு முடிந்தது.

முடிவுரை

கூட்டணி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சட்டமன்றத்தில் பிறரோடு சேர்ந்து வாக்களித்தபோது இந்தக் கிளை வளர்ந்தது. தன் பெயரையும் உறுப்பினர் பட்டியலையும் பத்திரிகையையும் கூட்டணிக்குள் கரைத்தபோது அழிந்தது. சிறிய கட்சிக்குத் தலைவர் வரலாம், போகலாம். கிளை போய்விட்டால் திரும்ப வராது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கிளையின் ஆவணங்கள் மில்வாக்கி கவுண்டி வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அதன் வரலாற்றை இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்திருக்கிறது. நம் மாவட்டங்களிலும் சிறிய கட்சிகளின் அலுவலகங்கள் உள்ளன. அங்கே தீர்மானப் புத்தகமும் சந்தா ரசீதும் பழைய துண்டறிக்கையும் பரணில் கிடக்கின்றன, கறையானுக்கு இரையாகின்றன. அவற்றைத் தேடிச் செல்லுங்கள், படியெடுங்கள், நூலகத்தில் சேருங்கள். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது, உங்கள் ஊர்க் கிளைச் செயலாளரைத்தான் முதலில் போய்ப் பாருங்கள்.