சூரியன் எறியும் புயல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியில் புகை கிளம்புவதைக் கண்ணாற் காண்கிறோம். திருவொற்றியூரில் நம் பிள்ளைகள் இருமுவதையும் காண்கிறோம். ஆயினும் அதனால்தான் இது என்று அதிகாரிகள் முன் மெய்ப்பிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், நடுவழியை அளந்தவன் பேச்சுத்தான் அங்கே எடுபடும். சூரியனை ஆராய்வோருக்கும் இதே சிக்கல் இருந்தது.

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் இடையறாது வெளியே பாய்கின்றன. இதுவே சூரியக் காற்று. நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், 15 கோடி கிலோமீட்டர் கடந்து பூமியை எட்ட நான்கு நாட்களுக்கு மேலாகும். சிற்சில வேளைகளில் சூரியன் குமுறி, நூற்றுக்கணக்கான கோடி டன் பொருளைக் காந்தப் புலத்தோடு வீசி எறிகிறது. 1989 மார்ச்சில் அத்தகைய புயலொன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. காசிமேட்டு விசைப்படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியும் இதற்குத் தப்பியதன்று.

1995-இல் ஏவப்பட்ட சோகோ விண்கலம் சூரிய வட்டத்தை மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படமெடுத்தது. அப்படங்களில் சுமார் இரண்டு கோடி கிலோமீட்டர் வரைதான் வெடிப்பைத் தொடர முடியும். அதற்கப்பால்?

அதற்கு விடை தந்தது நம் நீலகிரி. உதகையருகே முத்தொரையில் கோவிந்த் சுவரூப் தலைமையில் எழுந்த வானொலித் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்விடத்து அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை, அதாவது சுமார் 11 பாகை, சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து அதன் மேல் அமைத்தார்கள். அதனால் கருவியை ஒரே அச்சில் திருப்பியே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரம் தொடரலாம். என்ன அருமையான யோசனை!

வெப்பக் காற்றினூடே பார்த்தால் தொலைவிலுள்ள கப்பல் விளக்கு நடுங்குகிறதல்லவா? அதுபோல், தொலைதூர வான்பொருள்களின் வானொலி அலைகள் சூரியக் காற்றைக் கடக்கையில் மினுக்குகின்றன. வீசியெறியப்பட்ட மேகம் குறுக்கிட்டால் மினுக்கம் மிகும். அதிலிருந்து வேகத்தையும் கணிக்கலாம். பி.கே.மனோகரன் 30 பெரும் வெடிப்புகளைச் சோகோ படங்களில் கண்டு, உதகையின் அளவீடுகளால் வழிநெடுகப் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார். வேகமாகக் கிளம்பியவை சூரியக் காற்றோடு உராய்ந்து வழியில் தளர்கின்றன. மெதுவாகக் கிளம்பியவற்றை அக்காற்றே இழுத்துச் செல்கிறது. ஆகவே புறப்பட்ட வேகத்தை மட்டும் வைத்து வரும் நாளைச் சொன்னால் பொய்த்துப் போகும்.

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், சிறீஅரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2-இல் ஆதித்யா-எல்1 புறப்பட்டது. செங்கோட்டையில் பிறந்த நிகர் சாஜி அதன் திட்ட இயக்குநர். பௌதிகம் உனக்கெதற்கு என்று நம் பெண்பிள்ளைகளைக் கேட்போர் இப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளட்டும். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு 2024 சனவரியில் சென்று சேர்ந்த அக்கலத்தில், சூரியனருகே வெடிப்பைக் காணும் கருவியும் தன்மேல் வந்து மோதும் காற்றை அளக்கும் கருவிகளும் ஒருங்கே உள்ளன.