கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய ரத்தம்



புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைப் புகழ்ந்தால் இந்த அவையில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள், பழித்தால் மறுபாதி. ஆகவே நேரே கணக்குக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையிலான சுமார் 1,62,000 ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வை எல்லோரும் அறிவீர்கள். 2009-இல் வந்த அதன் முதல் முடிவு, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது என்றது. அதே முடிவுக்கு இன்னொரு முகமும் உண்டு: ஒரு மரணத்தைத் தடுக்க 1,410 பேரை அழைத்து, 48 பேருக்குக் கூடுதலாக நோயைக் கண்டறிய வேண்டியிருந்தது. 23 ஆண்டுத் தொடர்ச்சிக்குப் பிறகு அந்த எண்கள் 456 ஆகவும் 12 ஆகவும் இறங்கியிருக்கின்றன. இந்த நோயால் இறந்தவர்கள் அழைக்கப்படாத பக்கம் 1.6 விழுக்காடு, அழைக்கப்பட்ட பக்கம் 1.4.

எண்கள் இப்படி நகர்ந்ததற்குக் காரணம் நோயின் நிதானம். இன்று கண்டுபிடிப்பதன் பலன் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் கைக்கு வரும். தொல்லையோ அடுத்த மாதமே வந்துவிடும். எழுபத்தெட்டு வயதில், இதய நோயும் உள்ள ஒருவருக்கு இந்தப் பரிசோதனையை எழுதிக்கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வு பலனே இல்லை என்றதே என்பீர்கள். அங்கே ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே போய்த் தாங்களாகவே பரிசோதித்துக்கொண்டார்கள். அந்த ஆய்வை மட்டும் காட்டிக் கதவைச் சாத்துவது நேர்மையாகாது.

ஐரோப்பிய ஆய்வில் கூடுதலாக நோய் கண்டறியப்பட்ட அந்தப் பன்னிரண்டு பேரில் பலர், சோதிக்காமல் இருந்தால், உடலில் இப்படி ஒன்று இருப்பதை அறியாமலே வேறு காரணத்தால் இறந்திருப்பார்கள். அறுவை செய்தால் சிறுநீர் கசியலாம், தாம்பத்தியம் பாதிக்கப்படலாம். நம்மூரில் இரண்டாவதைப் பற்றி நோயாளியும் கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. பிரிட்டனில் 1,643 நோயாளிகளை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டு பார்த்தார்கள். எந்தப் பிரிவிலும் சுமார் 97 விழுக்காட்டினர் இந்த நோய்க்குப் பலியாகவில்லை. நோய் பரவியது மட்டும் கண்காணிப்புப் பிரிவில் கூடுதல். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊர் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை, கொழுப்பு, கிரியேட்டினின். கடைசிப் பக்கத்தில் பி.எஸ்.ஏ. 5.2 என்று தடித்த எழுத்தில். அதை எடுக்கப்போகிறோம் என்று அந்த மனிதரிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வாரம் சிறுநீர்த் தொற்று இருந்ததா, புராஸ்டேட் சுரப்பி வெறுமனே வீங்கியிருக்கிறதா என்று தாள் கேட்காது. அன்று இரவே அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் வெளிநாட்டு மகனுக்குப் போய்விடும். அந்த வீக்கத்துக்கான டுட்டாஸ்டரைடு மாத்திரையை ஓராண்டாகச் சாப்பிடுபவருக்கோ எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும், 2.5 என்று பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவார். இயல்பு எனக் கொள்ளும் நான்கு என்ற எல்லைக்கோடும் அப்படியொன்றும் உறுதியானதல்ல. நான்குக்குக் கீழே இருந்தவர்களையும் அமெரிக்காவில் பயாப்ஸி செய்து பார்த்தபோது 15 விழுக்காட்டினரிடம் புற்று இருந்தது.

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது என்பது உண்மை. ஸ்கேனில் சந்தேகமாகத் தெரிந்த இடத்தில் மட்டும் ஊசி செலுத்தித் திசு எடுத்தபோது, தொல்லை தராத சிறு புற்றுகளைக் கண்டுபிடிப்பது பாதியாகக் குறைந்தது என்று 2022-இல் கோத்தன்பர்க் நகரில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் படத்தைப் படிக்கத் தேர்ந்த கண்ணும், கண்காணிப்புக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் நோயாளியும் வேண்டும். அந்த ஆய்வின் முடிவுக்குப் பின்னால் இப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. நாம் இரவல் வாங்கியிருப்பது ரத்தம் எடுக்கும் குழாயை மட்டும்.

இந்திய அரசின் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுநோய்கள் உண்டு, புராஸ்டேட் இல்லை. இன்றைய நிலையில் அது சரி என்றே நினைக்கிறேன். எலும்புக்குப் பரவி, முதுகுவலியோடு முதல்முறை வருபவர்களை என்ன செய்வது என்று புற்றுநோய் மருத்துவர்கள் கேட்பார்கள். கேள்வி கனமானது. ஆனால் ஆண்டுதோறும் செக்கப் செய்துகொள்பவரும் அப்படித் தாமதமாக வருபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். சோதனைக்கூடங்களை எவ்வளவு பெருக்கினாலும் முதலாமவருக்கு இன்னொரு தாள்தான் கிடைக்கும். தகப்பனுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தவரை, குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு உள்ளவரைத் தேடிப் போய்ப் பேசுவதில் பலன் அதிகம்.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். ரத்தம் எடுக்குமுன் கையில் கொடுக்க, ஒரே பக்கத்தில், தமிழில் ஒரு தாள். 1.6, 1.4, 12 ஆகிய மூன்று எண்களும் அதில் இருக்கட்டும்; 'வேண்டாம்' என்று குறிக்க ஒரு கட்டமும் இருக்கட்டும். சிறுநீரியலாரும் புள்ளியியலாரும் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போடுங்கள். நாளை மாலை நிறைவு அமர்வில் வரைவைப் படிப்போம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.