குரங்கின் சாவு நமக்கோர் எச்சரிக்கை



நாம் வாழும் இச் சிவமொக்கா மாவட்டத்தில், 1957ஆம் ஆண்டு, கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. அண்டைக் கிராமத்தாரும் காய்ச்சலில் வீழ்ந்தனர். இரு சாராருக்கும் நோயை ஏற்றியது சிறு உண்ணியே என்று ஆராய்ந்தோர் கண்டனர். கன்னட மக்கள் இதனை 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய், என்பர்.

உண்ணி கடிக்கையில் புகும் வைரஸ் கிருமி உயிரணுக்களுக்குள் பெருகுகிறது. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைகின்றன. மூக்கிலும் ஈறிலும் குருதி கசிகிறது. கல்லீரல் திசுவும் கேடுறுகிறது. சிலருக்குக் காய்ச்சல் தணிந்து மீண்டும் மூண்டு, மூளையுறையைத் தாக்குகிறது.

நம் அடுப்புக்கு விறகு சுமப்போரும் மாடு மேய்ப்போருமே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றனர். ஆதலால், காட்டில் குரங்கு இறந்து கிடப்பின் தொடாது சுகாதார அலுவலருக்கு அறிவிப்போம்; காடு சென்று மீள்வோரை உடலில் உண்ணியுளதா எனப் பார்க்கச் சொல்வோம். இந்நாட்டு உப்பை உண்ணும் நமக்கு இது கடமை.