தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்காவின் படிப்பு நிற்கலாமா?

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் மாதர் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)

தோட்டத் தலைவர்மாரே, மாதர் தலைவிமாரே, கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளே!

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது தம்பிக்கு வயிற்றோட்டம் வந்தது. அம்மா மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. அப்பா கவ்வாத்து வேலையில். "இன்னைக்கு ஒரு நாள் நீ நில்லும்மா" என்றார் அம்மா. ஒரு நாள் நாலு நாளானது. பிறகு தங்கைக்கும் வந்தது. அந்தத் தவணையில் விட்ட பாடத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருடம் நானும் கொழுந்துக்குப் போனேன்.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஒரு பேர் போனால் கடைக்கணக்கு ஏறும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்றும் நம் லயங்களில் சின்னவனுக்கு நோய் என்றால் மூத்த பெண்பிள்ளைதான் நிற்கிறாள். 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டம் அவளுக்கும் உண்டு.

எந்தப் பிள்ளையை நிறுத்த வேண்டும், எந்தப் பிள்ளையை அனுப்பலாம் என்று முதலில் தெரிந்துகொள்வோம். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் வீட்டில் வைத்திருங்கள். அம்மை போட்டிருந்தால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அனுப்ப வேண்டாம். வேப்பிலை வையுங்கள், விரதம் இருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். தலையில் பேன் என்றோ, லேசான மூக்குச்சளி என்றோ படிப்பை நிறுத்தத் தேவையில்லை. சொறி என்றால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசுங்கள். பிள்ளைக்கு மட்டும் பூசினால் அது திரும்பி வரும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் மட்டும், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவு. இரண்டு நாளில் விடாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். டெங்கு காய்ச்சல் குறையும் நேரத்தில்தான் ஆபத்து கூடும். ஆகவே சூடு இறங்கிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று அவசரப்படாதீர்கள். மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிசன், வாகனம் வரக்கூடிய பாதை எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நோய் வருமுன் செய்யக்கூடியதும் உண்டு. பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போய்ப் பதினொரு மணிக்குத் தலை சுற்றி உட்காருகிறார்கள். இரத்தச் சோகையும் அதற்கு ஒரு காரணம். ரொட்டியோடு சாயத்தண்ணி கொடுத்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். நாம் பறிக்கும் தேயிலைதான். ஆனாலும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் பூச்சி மருந்தையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். சிறிய பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். தரம் 6இல் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி. தரம் 7இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி. அன்று பிள்ளை போகாவிட்டால் மருத்துவமாதுவிடம் கேட்டு அடுத்த கிளினிக்கில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணோ காதோ இருதயமோ காட்டச் சொல்லித் துண்டு கொடுத்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். கிளினிக் வேலை நாளில் வருகிறது என்று நம் வீடுகளில் எத்தனை துண்டுகள் புத்தகப்பையிலேயே கிழிந்து போயின!

இனி அப்பாமாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு நோய் என்றால் ஒவ்வொரு முறையும் அம்மாவின் பேர்தான் போக வேண்டுமா? ஒரு நாள் அவர் நிற்கட்டும், ஒரு நாள் நீங்கள் நில்லுங்கள். லயத்தில் வேலைக்குப் போகாத பெரியவர்களோடும் பேசி முறை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சங்கம் செய்ய வேண்டியது. ஒரே லயத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமோ செங்கமாரியோ வந்தால் அது தண்ணீரின் குற்றமாக இருக்கலாம். பீலித் தண்ணீரையும் தாங்கியையும் பார்க்கும்படி தலைவர் அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும்; நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்ப் பேச்சு பிரட்டுக்களத்தோடு போய்விடும், கடிதம் நிற்கும். வேலை முடிந்து வரும் தாய்க்கும் மருந்து கிடைக்கும்படி டிஸ்பென்சரி நேரத்தை மாற்றக் கேட்போம். பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோகும் நாளில் பேர் வெட்டக்கூடாது என்பதையும் பேச்சுவார்த்தையில் வைப்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மாதர் தலைவியும் ஒரு கணக்கு கொண்டு வாருங்கள்: இந்தத் தவணையில் தம்பி தங்கையைப் பார்ப்பதற்காக எத்தனை அக்காமார் பள்ளிக்கூடம் போகவில்லை? அந்தக் கணக்கை வைத்துப் பேசுவோம்.