தொட்டிற் பிள்ளையின் துணிமணி



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கண்டி நகரத்திலே துணி உலர்த்துவது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை அங்கு வாழும் தாய்மாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர் அது. காலையிற் கொடியிலிட்ட துணியை நண்பகலுக்குள் எடுத்துவிட வேண்டும். பிற்பகலில் மழை வந்துவிடும். அரைகுறையாக உலர்ந்து உள்ளே வந்த துணியில் ஈரவாடை வீசும். இரண்டொரு நாளிற் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படரும். இதற்கு அஞ்சியே, முதற்பிள்ளையின் சட்டைகளையும் போர்வையையும் அடுத்த பிள்ளைக்கென்று பத்திரப்படுத்தும்போது, அலுமாரியிலோ றங்குப் பெட்டியிலோ நான்கைந்து பூச்சி உருண்டைகளையும் போட்டு மூடிவைக்கிறோம். தமிழ்நாட்டார் இதனை அந்துருண்டை என்றும் பாச்சை உருண்டை என்றும் சொல்லுவர்.

அந்தப் பெட்டியை மறுபடியும் திறக்கும் நாளைப் பற்றியே முதலிற் பேச விரும்புகிறேன்.

அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நப்தலீன் என்னும் பொருளாலானது. கற்பூரத்தைப் போல, உருகி நீராகாமலே ஆவியாகிக் கரைந்துபோவது அதன் இயல்பு. பெட்டிக்குள் எழும் அந்த ஆவி துணியின் இழைகளிற் படிந்து தங்கிவிடுகிறது. அத்துணியைக் குழந்தைக்கு உடுத்தினால் ஆவி மூச்சோடும் போகும், தோலினூடாகவும் போகும். உடலினுள் அது மாற்றமடைந்து, இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும் பொருள்களாகிறது. நல்ல நிலையிலுள்ள சிவப்பணு ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால், சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அந்த அணுக்களைக் காக்கும் நொதியம் ஒன்று குறைவாயிருக்கும். மருத்துவர்கள் அதனைச் சுருக்கமாக ஜீ-6-பீ-டீ என்பர். மலேரியாக் காய்ச்சல் நெடுங்காலம் நிலவிய நாடுகளின் மக்களிடையே இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது. நமது இலங்கையிலும் உண்டு. ஆண்பிள்ளைகளையே இது அதிகம் பாதிக்கும். வெளிப்பார்வைக்கு அப்பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருக்கும். பெற்றோருக்கும் இப்படியொரு குறை இருப்பது தெரிந்திராது.

இத்தகைய குழந்தைக்குச் சிவப்பணுக்கள் கூட்டங் கூட்டமாக உடையும். உடைந்த அணுக்களிலிருந்து மஞ்சள் நிறப்பொருள் பெருகும். பிறந்து சில நாட்களேயான சிசுவின் ஈரலுக்கோ அதனை முற்றாக வெளியேற்றும் வலு இன்னும் வந்திராது. மஞ்சள் எல்லை மீறினால் மூளையிற் படியும். அதனால் உயிர் போவதும் உண்டு. உயிர் தப்பினாலும் செவிப்புலன் கெடுவதும் கைகால்கள் வசமிழப்பதும் உண்டு. 1963ஆம் ஆண்டிற் கிரேக்க நாட்டு மருத்துவர்களான வலாயெஸ், டொக்சியாடிஸ், பெஸ்ஸாஸ் என்னும் மூவரும் இவ்வாறு நோயுற்ற 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றி எழுதினர். அக்குழந்தைகள் உருண்டையை விழுங்கியவர்கள் அல்லர். அதன் ஆவியைச் சுவாசித்தவர்களே. அவர்களுட் பலருக்கு நான் சொன்ன நொதியக் குறை இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அன்று. எனவே, “எங்கள் குடும்பத்தில் அந்தக் குறை இல்லை” என்று எவரும் அமைதியடைந்துவிடல் ஆகாது.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1951இல், அமெரிக்க மருத்துவ வெளியீடொன்றில் வந்த செய்தியும் நமக்குப் பொருந்துவதே. பூச்சி உருண்டையோடு எடுத்து வைத்த அணையாடைகளை உடுத்த ஒரு சிசு இவ்வாறு நோயுற்றது. குழந்தையின் மேனியிற் பூசிய எண்ணெய் அந்த நஞ்சு தோலினூடே இறங்குவதற்குத் துணைசெய்திருக்கலாம் என்று கருதப்பட்டது. நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்து நீராட்டாத பிள்ளை உண்டா?

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? “நன்றாகத் துவைத்துவிட்டால் போகாதோ?” என்று கேட்பீர்கள். நப்தலீன் நீரிற் கரைவது மிகச் சொற்பம்; ஆதலால் வெறும் அலசல் போதாது. அதனை விரட்டுவது காற்றும் வெப்பமுமே. பிரசவத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே பெட்டியை வீட்டுக்கு வெளியே வைத்துத் திறவுங்கள். உருண்டைகளையும் அவற்றின் துகள்களையும் அகற்றித் துணிகளை உதறுங்கள். வெயிலும் காற்றும் படும்படி பல நாள் கொடியிலிடுங்கள். அதன்பின் சவர்க்காரமிட்டுச் சுடுநீரிற் துவைத்து, மீண்டும் வெயிலில் உலர்த்துங்கள். பிறகு மோந்து பாருங்கள். ஒரே வாடையில் இருந்து பழகிய மூக்கு பொய் சொல்லும்; அடுத்த வீட்டுக்காரியை அழைத்து மோந்து பார்க்கச் சொல்லுவது நல்லது. இலவம் பஞ்சு அடைத்த மெத்தை, தலையணைகளைத் துவைக்க இயலாது. பல நாள் வெயிலிற் போட்ட பின்னும் வாடை நிற்குமாயின், அவற்றைப் பிள்ளைக்கு விரிக்க வேண்டாம்.

இங்கே இன்னுமொன்று சொல்லத் தோன்றுகிறது. துணியரிக்கும் அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு போன்றவற்றையே. சுத்தமான பருத்தித் துணியை அது நாடுவதில்லை. நமது குழந்தைகளின் உடுப்போ பெரும்பாலும் பருத்தி. கண்டியில் அதனைக் கெடுப்பது பூச்சியன்று, ஈரம். ஆகவே பருத்திச் சட்டைகளுக்கிடையே நாம் போடும் உருண்டை ஒரு பயனும் செய்வதில்லை. நன்கு உலர்த்தி, இடையிடையே எடுத்து வெயில் காட்டி வைத்தால் அதுவே போதும்.

பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாளளவில் இலேசாக மஞ்சள் காண்பது சாதாரணம். ஆனால் முதல் நாளிலேயே மஞ்சள் தோன்றினாலும், அது வயிற்றுக்கும் காலுக்கும் பரவினாலும், பிள்ளை பால் குடியாமற் சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்திற் போனாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. பேராதனையிற் சிறுவருக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க மருத்துவமனை இருக்கிறது. கண்டியிலே தேசிய மருத்துவமனை இருக்கிறது. நீல ஒளியின்கீழ் வைத்தும், வேண்டுமாயின் இரத்தத்தை மாற்றியும் காப்பாற்றுவார்கள். பூச்சி உருண்டை வைத்த துணியைப் பிள்ளைக்கு உடுத்தியிருந்தால் அதனை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராக ஊகித்தறிவது அரிது.

பழைய துணியின் கதை இது. புதுத் துணிக்கும் ஒரு கதை உண்டு. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்தாமல், பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்துப் போர்த்துவது நம்மவர் வழக்கம். பலமுறை துவைத்த பருத்தி மென்மையானது. அதிலிருந்த பசையும் சாயமும் எப்போதோ போயிருக்கும். கடையில் மடிப்புக் குலையாமல் மின்னும் புதுச் சட்டையின் நிலை வேறு. துணி சுருங்காமலிருப்பதற்காகப் பூசப்படும் பிசின்களிலிருந்து போமல்டிகைட்டு என்னும் பொருள் சிறிது சிறிதாக வெளிவரும். கண்ணைக் கரிக்கச்செய்யும் அந்தப் புதுத்துணி வாடையில் அதற்கும் பங்குண்டு. சிலருடைய தோலிலே சொறியும் சிவப்பும் உண்டாவதும் இதனால். 1973இல் ஜப்பான் நாடு சட்டமியற்றி, 24 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் இப்பொருள் ஏறக்குறைய இல்லையென்னும் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டுமென விதித்தது. நல்லவேளையாக இது நீரில் எளிதிற் கரைவது. இரண்டொரு முறை துவைத்து அலசினாற் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கண்டிக் கடைத்தெருவில் வாங்கிய சட்டையை அன்றைக்கே பிள்ளைக்கு அணிவித்துப் பார்க்கும் ஆசையை ஒருநாள் அடக்கிக்கொள்ளுங்கள்.

புதுத் துணியில், அதனைச் செய்தவரே அறியாத நஞ்சும் ஏறக்கூடும். 1961ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் பிரெஸ்னோ நகரில் ஆறு சிறுவர்கள் ஒரேவகை நஞ்சுக்கு ஆளாயினர். ஆராய்ந்தபோது, புதிதாக வாங்கித் துவைக்காமல் அணிந்த காற்சட்டைகளே காரணமெனத் தெரிந்தது. அவற்றை ஏற்றிவந்த பார ஊர்தியில் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியும் வந்து, கசிந்து துணியில் ஊறியிருந்தது.

தேயிலைத் தோட்டங்களில் வாழும் நேயர்கள் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டும். தெல்தோட்டை, கலகா, புசல்லாவைப் பக்கங்களில் மருந்தடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் தகப்பன், அந்த உடுப்போடே பிள்ளையைத் தூக்குகிறார். அந்த உடுப்பும் பிள்ளையின் துணியும் ஒரே வாளியில் ஊறுகின்றன. வயதுவந்தோரின் உடல்நிறைக்கு இருக்கும் தோற்பரப்போடு ஒப்பிட்டால், சிசுவின் உடல்நிறைக்கு இருக்கும் தோற்பரப்பு இரண்டு மூன்று மடங்காகும். தோலில் எது பட்டாலும் அதன் விளைவு அந்த அளவுக்குக் கடுமையாகும். மருந்தடித்த உடுப்பை வாசலிலேயே கழற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். அந்த வாளியை வேறெதற்கும் எடுத்தலாகாது. பீலியடியில் மற்றவர் நீரெடுக்கும் வேளையில் அலசவும் கூடாது. மருந்து வந்த பையையும் உரச்சாக்கையும் கழுவிப் பிள்ளைக்கு விரிக்கும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

துவைக்கும்போதே நஞ்சு சேர்வதும் உண்டு. 1967இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே ஒரு சிறிய பிரசவ மருத்துவமனையில் ஒன்பது பச்சிளங் குழந்தைகள் காரணம் தெரியாமல் வியர்த்துக் கொட்டிக் கடுமையாக நோயுற்றனர், இருவர் இறந்தனர். பூஞ்சணம் பிடியாமலிருக்க, அணையாடைகளை இறுதியாக அலசும் நீரிற் சேர்த்த பென்ரகுளோரோபீனோல் என்னும் மருந்தே அவர்களின் தோலினூடே சென்றிருந்தது. மழைநாட்டில் வாழும் நமக்கும் இத்தகைய மருந்துகளில் ஆசை பிறக்கும். இறுதியாக அலசுவது வெறும் நீராகவே இருக்கட்டும். சவர்க்கார நுரை முற்றாக அற்றுப்போகும்வரை அலசுங்கள். சுண்ணாம்புக் கற்பாறை உள்ள திகனைப் பக்கத்துக் கிணற்று நீர் போன்ற வன்னீரிற் சவர்க்காரம் வெண்பசையாகத் துணியிற் படியும். அங்கே இயன்றால் மழைநீரைப் பிடித்து அலசுவது நன்று.

எத்தனை முறை துவைத்தாலும் போகாத மருந்துகளும் உள. தீப்பற்றாமலிருக்கும் பொருட்டு அமெரிக்கக் குழந்தைகளின் இராவுடுப்புகளில் ‘திரிஸ்’ என்னும் பொருளைச் சேர்த்தார்கள். ஆர்லீன் புளூம், புரூஸ் ஏம்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் அது மரபணுவைக் கெடுக்கவல்லதென 1977இல் எடுத்துக்காட்டினர். அவ்வாண்டிலேயே அது தடைசெய்யப்பட்டது. நெடுநாள் துவைத்த உடுப்பை அணிந்த பிள்ளைகளின் சிறுநீரிலும் அதன் விளைபொருள் காணப்பட்டதென மறு ஆண்டில் தெரியவந்தது. இத்தகையவற்றை வாங்காதிருப்பதே வழி. பிற நாடுகளிலிருந்து உறவினர் அனுப்பும் பழைய படுக்கையுடுப்புகளின் துண்டுச்சீட்டை வாசித்துப் பாருங்கள்.

இதுவரை மருந்தை அகற்றும் வகையையே சொன்னேன். அகற்றக் கூடாத ஒன்றும் தொட்டிலின்மேல் தொங்குகிறது. மருந்தேற்றிய நுளம்பு வலையைத்தான் சொல்லுகிறேன். 2016இல் நமது நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியதாயினும், டெங்கு நுளம்பு பகலிலேயே கடிப்பது. பகலில் உறங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும். நீடித்த மருந்தேற்றிய வலை ஏறக்குறைய இருபது துவைப்புவரை பயன்தரும்படி செய்யப்பட்டது. புதிய வலையை உறையிலிருந்து எடுத்ததும் ஒருநாள் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். அழுக்கானால் மட்டும், சலவைச் சோடா இடாமல், மென்மையான சவர்க்காரத்தாற் குளிர்ந்த நீரிற் துவையுங்கள். மற்றத் துணிகளுக்கு நான் வற்புறுத்திய வெயில் இதற்கு ஆகாது. அந்த மருந்தை வெயில் சிதைத்துவிடும். துவைத்த நீர் மீன்களைக் கொல்லும் தன்மையது. அதனை ஓடையிலோ மகாவலிக் கரையிலோ ஊற்றாமல், வீட்டிலிருந்து தள்ளி ஒரு குழியில் ஊற்றி மண்ணிட்டு மூடுங்கள். வலையின் விளிம்பைப் பிள்ளை வாயில் வைத்துச் சப்பாதபடி மெத்தையின் அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள்.